ஆறேகால் இஞ்சு

ஆடிப் பதினெட்டு கழிந்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபதுக்கு, கருக்கம்பாளையத்தில் பேக்கிங் மேனேஜர் நாச்சிமுத்து போனில் "எஸ் சாருங்க, குட்ஸ் ரெடிங்க, டுமாரோ லோடிங்குங்க" என்று சொல்லி முடித்தபோது அவருடைய உதட்டோரம் ஒரு நூல் தொங்கியது.

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருப்பூருக்குக் கிழக்கே பதினோரு கிலோமீட்டரில், பனியன் துணி பின்னி, வெட்டி, தைத்து, பெட்டி கட்டி அனுப்புகிற ஊர் அது. அங்கே டீயில் நூல் கிடக்கும், ரசத்தில் நூல் மிதக்கும், கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளையின் மீசையில் நூல் ஒட்டியிருக்கும், எடுத்துப்போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். நாச்சிமுத்துவும் பஞ்சுத் தூசி என்றுதான் இரண்டு விரலால் பிடித்து இழுத்தார், வந்தது, இன்னும் இழுத்தார், இன்னும் வந்தது, கடைசியில் குனிந்து பார்த்தபோது பாசிப்பயறு நிறத்தில் ஒரு நூல் அவர் காலடியில் சுருண்டு கிடந்தது.

"ஏனுங் மேனேஜர் அண்ணா, வாய்க்குள்ள மில்லு வச்சிருக்கீங்களா?" என்றாள் தையல் மிஷினில் இருந்த பொன்னுலட்சுமி.

"மொதல்ல ஒரு டீ சொல்லு அம்மிணி" என்றார் அவர். அது தமிழில் சொன்னது, நூல் வரவில்லை.

அந்த நூலை எடுத்து மேசைமேல் நீட்டி, கழுத்தில் எப்போதும் தொங்குகிற இஞ்சு டேப்பால் அளந்து, "பதினாலடி, நாலு இஞ்சு" என்று சொன்னவள் மயிலாத்தாள். அந்தக் கம்பெனியின் ஃபைனல் டேபிளில், அதாவது பெட்டிக்குள் போகுமுன் ஒவ்வொரு பனியனையும் கடைசியாக விரித்துப் பார்க்கிற மேசையில், பத்தொன்பது வருஷமாக நிற்பவள். வயது ஐம்பத்திரண்டு, படிப்பு ஐந்தாவது. பழுது கண்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். பழுது இல்லையென்றால் "செக்கர் 4, பாஸ்" என்று அச்சடித்த வட்ட ஸ்டிக்கரை ஒட்டுவாள். அந்த வட்டத்தை அவள் ஒட்டியபின் ஒரு பீஸ் திரும்பி வந்ததாகப் பத்தொன்பது வருஷத்தில் பேச்சில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே விஷயம் தெளிந்துவிட்டது. தமிழ் பேசினால் ஒன்றுமில்லை; தமிழுக்கு நடுவில் பஸ், சட்டர், கரண்ட் என்று சொன்னாலும் ஒன்றுமில்லை; முழுசாக ஒரு வாக்கியம் இங்கிலீஷில் பேசினால் மட்டும் நூல் வந்தது, அதுவும் ஊர் எல்லைக்கல்லுக்கு உள்ளே மட்டும் வந்தது, ஆளுக்கு ஒரு நிறமாக, ஆளுக்கு ஒரு பருமனாக வந்தது. இ.எஸ்.ஐ. டாக்டர் ஏழு பேருடைய தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்து "எவ்ரிதிங் நார்மல்" என்றார், என்றதும் அவர் வாயிலிருந்தே காப்பி நிறத்தில் ஒன்றேகால் அடி வந்தது, அதை அவர் சீட்டோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

அதன்பிறகு ஊர் அந்த நூலோடு வாழத் தொடங்கியது. பஸ் ஸ்டாப் பூக்காரி நாச்சாயி, மல்லிகை கட்ட நூல் தீர்ந்துபோனால், வருகிறவர்களிடம் "ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்ல பேசீட்டுப் போங் சாமி" என்று கேட்டாள், காலேஜ் பிள்ளைகள் பஸ் வரும்வரை நின்று பேசிவிட்டுப் போனார்கள், அந்த வாரம் ஊர்ப் பெண்களின் தலையில் பூ நீல நூலிலும் ஊதா நூலிலும் கட்டியிருந்தது. டீக்கடையில் பார்சலைக் கட்டத் தன் வாய் நூல் போதாமல் மாஸ்டர் இன்னொருவரைப் பேசச் சொன்னார். ஒடிசாவிலிருந்து வந்து நிட்டிங் மிஷின் ஓட்டுகிற பிபுதியின் நூல் வழவழவென்று வந்தது, அதில் தூளி கட்டினால் பிள்ளை சீக்கிரம் தூங்குகிறது என்று மூன்று வீட்டில் வாங்கிப் போனார்கள். கோயிலில் விளக்குத் திரிக்கு இந்த நூல் ஆகுமா என்று பண்டாரத்திடம் கேட்டதற்கு, "பஞ்சுதானுங்களே, எரியுதான்னு பாருங்" என்றார், எரிந்தது, அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது. துணி காய்கிற கொடியில் கிடக்கும் நூலைப் பார்த்தே "இது என்ற ஊட்டுக்காரரு பேங்க்ல பேசுனது" என்று சொல்லப் பெண்கள் பழகிக்கொண்டார்கள்.

ஊரே இப்படிச் சாதாரணமாக இருந்தபோது மயிலாத்தாளுக்கு மட்டும் அந்த நூல் நெஞ்சில் குத்தியது.

அவளுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தை தெரியும். எண்ணித்தான் வைத்திருந்தாள். பெட்டிமேல் அச்சடித்திருப்பதிலிருந்தும், துணி துவைக்கும் முறை எழுதிய லேபிளிலிருந்தும், சரக்கு வாங்க வருகிற வெளிநாட்டு பையர்களின் வாயிலிருந்தும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பழைய டைரியில் வரிசை எண் போட்டுத் தமிழில் எழுதி வைத்திருந்தாள். மற்ற இடத்தில் நாலு பேர் சேர்ந்தால் தலை நிமிர்த்தாதவள், ஃபைனல் டேபிளில் பையர் வந்து நின்றால் மட்டும் நிமிர்ந்து, "சார், திஸ் பீஸ் ஓகேங்க. திஸ் பீஸ் நாட் ஓகேங்க. ஐ சே ஓகே, மீன்ஸ் ஓகேங்க" என்பாள். தான் பார்த்த சரக்குக்குத் தானே வாய் திறந்து பதில் சொல்வது, அது ஒன்றுதான் அவள் இத்தனை வருஷத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதது.

இப்போது அந்தப் பேச்சு நூலாக மேசைமேல் விழுந்தது. கேழ்வரகு நிறம். ஓரிடத்தில் மெலிந்து, ஓரிடத்தில் புடைத்து, மறுபடி மெலிந்து, மறுபடி புடைத்து. செக்கர் கண்ணால் அதைப் பார்த்தாள். மூன்று மீட்டரில் புடைப்பு மட்டும் பதினெட்டு. எவனாவது மில்லுக்காரன் இப்படி நூல் அனுப்பியிருந்தால் லாரியை அப்படியே திருப்பியிருப்பாள். யாரும் பார்க்குமுன் சுருட்டி, தேதி எழுதி, பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். அடுத்தடுத்த நாள் நூலும் அதே டப்பாவுக்குள் போயிற்று.

முதலாளி செல்லக்குமாருக்கும் கவலை வந்தது. வருகிற வியாழக்கிழமை போலந்து நாட்டு பையர் முதல்முறையாக நேரில் வருகிறார்.

"நம்முளுது முடிச்சு முடிச்சா உழுந்தா, துணியும் இப்புடித்தான்னு நெனைப்பாருங்களே" என்றார் அவர், வெள்ளிக்கிழமையே வெளியூரிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க ஷெரின் என்கிற பெண்ணை வரவழைத்தார்.

ஷெரினுக்கு வயது இருபத்தெட்டு இருக்கும். அவள் இங்கிலீஷ் பேசினால் வந்த நூலைப் பார்க்க பக்கத்துக் கம்பெனியிலிருந்தெல்லாம் வந்தார்கள். பால் வெள்ளை, தலைமுடிப் பருமன், தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சீர். மயிலாத்தாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு புடைப்பும் காணாமல் பெருமூச்சு விட்டாள். பதினொரு செக்கர்களையும் உட்கார வைத்து, கையில் ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்து, உதட்டைப் பார்த்துப் பேசச் சொன்னாள் ஷெரின்.

"அக்கா, கடைசியில அந்த 'ங்க' வேண்டாம். ஓகே. அவ்ளோதான். ஓகே."

"ஓகே" என்றாள் மயிலாத்தாள். மரியாதையில்லாமல் யாரையோ வாசலில் நிறுத்திப் பேசியதுபோல் இருந்தது. "...ங்க" என்று அடங்கின குரலில் சேர்த்துக்கொண்டாள்.

"கேட்டுது" என்றாள் ஷெரின். பொன்னுலட்சுமி கண்ணாடிக்குப் பின்னால் சிரித்தாள்.

எடுத்த வேலையை அரைகுறையாக விடத் தெரியாதவள் மயிலாத்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டுக் கண்ணாடி முன் நின்று பழகினாள். நூல் மெலிந்தது, நிறம் வெளுத்தது, திங்கட்கிழமை காலையில் புடைப்பே இல்லாமல் ஒட்டடை போல ஒரு நூல் வந்தது. ஷெரின் கை தட்டினாள். அன்று முழுக்க மயிலாத்தாள் உதட்டைக் கவனித்துக்கொண்டே பனியன் விரித்தாள், உதட்டைக் கவனித்துக்கொண்டே வட்டம் ஒட்டினாள். மூன்று மணிக்கு நாச்சிமுத்து மூன்று பனியனைக் கையில் எடுத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காதபடி பக்கத்தில் வந்து நின்றார்.

"மயிலா, இதப் பாரு. ஏழாம் லாட்டு."

மிஷின் ஊசி முறிந்திருந்தால் துணியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடும். மூன்றிலும் ஓடியது. மூன்றிலும் அவளுடைய வட்டம் ஒட்டியிருந்தது.

அவள் மூன்று வட்டத்தையும் நகத்தால் உரித்தாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை முழுக்க, கண்ணாடியைத் தொடாமல், ஏழாம் லாட்டின் ஆயிரத்து இருநூறு பீஸையும் திரும்பப் பிரித்துப் பார்த்து, கோடு ஓடிய நாற்பத்து மூன்றைத் தனியாக எடுத்து வைத்தாள்.

சாயங்காலம் செல்லக்குமார் அவளிடம் வந்தார். அவர் அரைக்கால் சட்டை போட்டிருந்த காலத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்தவர். கடுமையாகப் பேச வராது.

"மயிலாத்தாக்கா, வெசாழக்கெழமை நீங்க கொஞ்சம் பின்னால நின்னுக்குங். பேச வேண்டாங். ஷெரின் மேடம் பேசட்டும்."

"சரக்க நானுதானுங்களே தம்பி பாத்தேன்."

"பாத்தது நீங்கதானுங்க்கா. இல்லீன்னு சொல்லுலீங். பேசறது மட்டும் அவிய பேசட்டும்." தரையைப் பார்த்தார். "அந்த நாப்பத்தி மூணப் பத்தியும் ஒண்ணும் சொல்ல வேண்டாங். அவரு எண்ணிப் பாக்கப் போறதில்ல. இது நல்லபடியா போச்சுன்னா அடுத்த மாசத்துலிருந்து ஃபைனல் டேபிளுக்கு இங்கிலீஷ் நல்லா வர்ற புள்ள ஒண்ணப் போட்டுறலாம், நீங்க உள்ள பிசிறு வெட்டற எடத்துல சூப்பர்வைசரா இருங், உக்காந்தே பாக்கலாம்."

உட்கார்ந்தே பார்க்கலாம் என்பதை நல்ல மனதோடுதான் சொன்னார். அதனாலேயே அவளால் கோபப்பட முடியவில்லை.

புதன்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போனபின், மயிலாத்தாள் பிஸ்கட் டப்பாவைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தாள். எறிந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். ஆனால் எத்தனை பழுது என்று எழுதாமல் எதையும் கழித்து அவளுக்குப் பழக்கமில்லை. முதல் நாள் நூலை நீட்டி இரண்டு முனையையும் டேப் வைத்து ஒட்டி, ஒவ்வொரு புடைப்பிலும் ஒரு சிவப்பு அம்பை ஒட்டிக்கொண்டே போனாள். பதினெட்டு அம்பு. நிமிர்ந்து பார்த்தாள்.

அம்புகள், ரயில் ஜன்னல்கள் போல, ஒரே இடைவெளியில் நின்றன.

கழுத்து டேப்பை எடுத்து அளந்தாள். முதல் அம்புக்கும் இரண்டாவதுக்கும் ஆறேகால் இஞ்சு. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஆறேகால். நாலாவது, ஐந்தாவது, பத்தாவது, பதினெட்டாவது, ஆறேகால், ஆறேகால், ஆறேகால். புதன்கிழமை நூலை நீட்டினாள், ஆறேகால். வியாழக்கிழமை நூல், ஆறேகால். பேக்கிங் செக்‌ஷனுக்குப் போய் நாச்சிமுத்துவின் பாசிப்பயறு நூலை எடுத்து வந்து அளந்தாள், ஐந்தரை, மாறாமல் ஐந்தரை. வெளியே போய் நாச்சாயியின் பூக்கூடையிலிருந்த நீல நூலை அளந்தாள், நாலு. திரும்பி வரும்போது டேப்பைக் கழுத்தில் போட மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நடந்தது ஞாபகம் வந்தது. புதிதாக ஒரு துணி வந்தது, நூல் இடையிடையே தடித்திருந்தது, அவள் காலையிலிருந்து சாயங்காலம் வரை அம்பு ஒட்டி, அம்பு தீர்ந்து, பக்கத்துக் கம்பெனியில் கடன் வாங்கி ஒட்டி, இரண்டாயிரத்து இருநூறு மீட்டரையும் கழித்துப் போட்டாள். செல்லக்குமாரின் அப்பா வந்து பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். "அட மயிலா, இது ஸ்லப் துணி. வேணும்னே இப்புடி நூக்கறது. கேட்டு வாங்கறாங்க." இன்றைக்கும் கம்பெனியில் அவளுக்கு ஸ்லப் மயிலா என்று ஒரு பெயர் உண்டு. அன்று அந்தப் பெரியவர், கெட்ட நூலுக்கும் ஸ்லப் நூலுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குக் காட்டினார்: கெட்ட நூலில் புடைப்பு இஷ்டத்துக்கு வரும், ஸ்லப் நூலில் அளவாக வரும். பழுதுக்கு அளவு தெரியாது. பன்னிரண்டு வருஷமாகத் துணியில் மறக்காத அந்த விஷயத்தை அவள் தன் நாக்கில் மறந்திருந்தாள்.

அந்த நேரம் பக்கத்து அறையில் ஷெரின் போனில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பெட்டியைப் பார்சல் சர்வீஸ்காரன் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டான் போலிருக்கிறது. "வாட் நான்சென்ஸ்! மை ஃபுல் டிரெஸ் இஸ் இன் தட் பாக்ஸ், கேட்டியளா!" என்று அவள் கத்தியதும் பலாச்சுளை நிறத்தில் தடிதடியாக ஒரு நூல் கதவிடுக்கு வழியே வெளியே வந்தது. மயிலாத்தாள் குனிந்து எடுத்து அளந்தாள்.

கதவைத் திறந்த ஷெரின் அதைப் பார்த்துவிட்டாள். அவளுடைய முகம் சிறுபிள்ளை முகமாகிவிட்டது. "எக்கா, ஒருத்தர்கிட்டயும் சொல்லிராதீங்க, கேட்டீங்களா? எனக்க வேலையே போயிரும்."

"எந்த ஊருங் அம்மிணி?"

"மார்த்தாண்டம்."

"மூணு இஞ்சு" என்றாள் மயிலாத்தாள். "சுத்தமா மூணு. கூடவும் இல்ல, கொறையவும் இல்ல." நூலைச் சுருட்டி அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு பையர் வந்தார். மாரெக் என்று பெயர், அறுபதை நெருங்குகிற மனிதர், பெரிய கை. எல்லைக்கல் தாண்டி காரிலிருந்து இறங்கி "குட் மோர்னிங், வெர்ரி ஹாட்" என்றதும் மழைமேகச் சாம்பல் நிறத்தில், கம்பளி போல, முடிச்சும் புடைப்புமாக ஒரு நூல் அவர் வாயிலிருந்து வந்தது. அவர் காதுவரை சிவந்துபோய், "சோரி. மை இங்கிலிஷ், நோ குட்" என்று சொல்லி, அதனால் இன்னும் ஒரு அடி வர, எல்லாவற்றையும் அள்ளிக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

அதை மயிலாத்தாள் பின்னால் நின்று பார்த்தாள். பிஸ்கட் டப்பாவுக்குள் தான் திணித்த அதே அவசரம்.

ஷெரின் பேசினாள். வெள்ளை நூல் அழகாக மேசைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. செல்லக்குமார் முகம் தெளிந்தது. மாரெக் தலையாட்டிக்கொண்டே பெட்டிகள்மேல் எழுதியிருந்த பீஸ் கணக்கைத் தானே கூட்டினார், பட்டியலைப் பார்த்தார், மறுபடி கூட்டினார். ஏழாம் லாட்டில் விரலை வைத்தார்.

"ஹியர், ஒன் தவுசண்ட் டூ ஹண்ட்ரெட். பொக்ஸ் இஸ் லெஸ். ஃபோர்ட்டி த்ரீ லெஸ். வேர்?"

செல்லக்குமார் ஷெரினைப் பார்த்தார். ஷெரினுக்கு என்ன தெரியும்? "தேர் இஸ் அப்ஸொல்யூட்லி நோ கன்சர்ன், சார்" என்று சிரித்தாள். பாதி வாக்கியத்தில் வெள்ளை நூல் டப்பென்று அறுந்தது. அறுந்த முனை காற்றில் ஆடியது. 

மயிலாத்தாள் ஒரு அடி முன்னால் வைத்தாள்.

"அக்கா, இருங்" என்றார் செல்லக்குமார் பல்லிடுக்கில்.

"இருந்தேனுங் தம்பி, ரெண்டு நாளா" என்றாள் அவள். பிறகு மேசையின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, நிமிர்ந்தாள்.

"சார். ஃபார்ட்டி த்ரீ பீஸ் ஐ ஸ்டாப்ங்க. நீடில் பிரேக், லாங் லைன் கமிங்க. மை மிஸ்டேக், ஃபர்ஸ்ட் ஐ பாஸ்ங்க. தென் ஐ ஓப்பன் ஆல் பாக்ஸ்ங்க. ஆல் செக்ங்க. ஃபார்ட்டி த்ரீ நாட் ஓகேங்க, சைடு கீப்பிங்க. ரெஸ்ட் ஓகேங்க. ஐ சே ஓகே, மீன்ஸ் ஓகேங்க."

கேழ்வரகு நிறத்தில், விரல் தடிமனுக்குப் புடைத்தும் மெலிந்தும், இதுவரை அந்த ஊரில் யாருக்கும் வராத நீளத்தில், நூல் மேசையில் விழுந்து, நிறைந்து, விளிம்பு தாண்டித் தரைக்கு இறங்கியது. தையல் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. செல்லக்குமார் கண்ணை மூடிக்கொண்டார்.

மாரெக் அந்த நாற்பத்து மூன்றையும் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஏழாம் லாட்டில் இருபது பீஸை அவராகவே உருவிப் பார்த்தார். கடைசியில் நூலைப் பார்த்தார். இரண்டு விரலால் ஒரு பாகத்தை எடுத்து, முறுக்கிப் பார்த்து, இழுத்துப் பார்த்தார். அறவில்லை.

"ஐ வோஸ் செக்கர்," என்றார் மெல்ல. "மை டவுன். ட்வெல்வ் இயர்ஸ். சேம் டேபிள்." சாம்பல் நூல் மறுபடி வந்தது; கை பழக்கத்தில் கோட்டுப் பைக்குப் போயிற்று.

"நோ, சாருங்க" என்றாள் மயிலாத்தாள். அவர் கையைத் தடுத்து நூலை வாங்கி மேசையில் நீட்டினாள். கழுத்து டேப்பை எடுத்தாள். அளந்தாள். தள்ளி அளந்தாள். இன்னும் தள்ளி அளந்தாள். "செவன் இன்ச்ங்க. ஆல் பிளேஸ் செவன்ங்க. மைன் சிக்ஸ் அண்டு குவார்ட்டர்ங்க. ஷெரின் மேடம் த்ரீங்க." ஷெரின் தலையைக் குனிந்தாள், பிறகு நிமிர்ந்தாள். "டிஃபெக்ட் நோ சைஸ்ங்க, சார். திஸ் ஹேவ் சைஸ்ங்க. திஸ் நோ டிஃபெக்ட்ங்க. திஸ் டிசைனுங்க."

மாரெக் அந்தப் பெரிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோட்டுப் பைக்குள் கைவிட்டு, திணித்திருந்ததை எல்லாம், ஒரு முடிச்சு விடாமல், வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார்.

அதன்பிறகு நடந்ததைத்தான் அந்த ஊரில் இன்றைக்கும் டீக்கடையில் சொல்வார்கள், அடுத்த மாசமும் ஃபைனல் டேபிளில் மயிலாத்தாள்தான் நின்றாள் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். அவள் தன் முதல் நாள் நூலை டப்பாவிலிருந்து எடுத்து, அதில் ஒட்டியிருந்த பதினெட்டு சிவப்பு அம்பையும் எண்ணி எண்ணி உரித்தாள். முனையில் "செக்கர் 4, பாஸ்" என்ற வட்டத்தை ஒட்டி, கட்டை விரலால் அழுத்தினாள்.

மாரெக் தன் சாம்பல் நூலின் முனையை எடுத்து, பள்ளிக்கூடத்தில் நோட்டு நீட்டுவதுபோல் அவள் முன் நீட்டினார். "மீ, ஆல்சோ?"

அவள் உடனே ஒட்டிவிடவில்லை. நூலைத் திருப்பிப் போட்டு, மறுமுனையிலிருந்து இன்னொருமுறை அளந்தாள். ஏழு. அப்புறம்தான் ஒட்டினாள்.